இரண்டு புறநகர்களுக்கு இடையே ஒரு சிறு கார்ப் பயணம்: புதிதாக ஓட்டுபவர்களுக்கான திட்டமிடல் முறை

300 கிலோமீட்டர் பயணத்தில் 20 நிமிடம் தாமதமானால் யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. 25 நிமிடத்தில் முடிய வேண்டிய பயணத்தில் அதே 20 நிமிடம் கூடிவிட்டால், மருத்துவரைப் பார்க்கும் முறையும் போய்விடும், பொறுமையும் போய்விடும். குறுகிய பயணத்துக்குத் திட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இதுதான்: வழியில் இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்கான தூரம் அந்தப் பயணத்தில் இல்லை. ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குச் செல்லும் 12 கிலோமீட்டர் பயணத்தை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திட்டமிடுவது என்று இங்கே படிப்படியாகப் பார்ப்போம். ஓட்டுநர் உரிமம் பெற்று, பழகிய தெருக்களைத் தாண்டி இப்போதுதான் வெளியே வரத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: சேருமிடத்தை வாயில் வரை தெரிந்துகொள்ளுங்கள்

திட்டமிடலைப் புறப்படும் இடத்திலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. சேருமிடத்திலிருந்து பின்னோக்கி வருவதே சரியான முறை, ஏனென்றால் உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் எல்லாம் அந்த முனையில்தான் இருக்கின்றன.

வரைபடச் செயலியில் முகவரியைத் தட்டினால் ஒரு குறி விழும். அந்தக் குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவிலோ மனையின் நடுவிலோ விழுமே தவிர, கார் நுழையும் வாயிலில் விழும் என்ற உறுதி இல்லை. பெரிய குடியிருப்பு வளாகங்களில் இந்த வேறுபாடு சில நூறு மீட்டர் வரை போகலாம். ஒருமுறை செயலி சொன்னபடியே ஓட்டிச் சென்று, நான் தேடிப்போன வளாகத்தின் பின்புற மதிலுக்கு முன்னால் போய் நின்றேன். மதிலுக்கு அப்பால் போக வேண்டிய கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது. வாயிலோ மறுபக்கத்துச் சாலையில் இருந்தது, அங்கே போய்ச் சேர மேலும் ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஆகவே, செயலியில் செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, வாயில் எந்தச் சாலையைப் பார்த்து இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு வாயிலின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்துப் புதிய குறி ஒன்றை வையுங்கள். பார்க்கப் போகிறவரிடம் முகவரி கேட்பதற்குப் பதிலாக, வாயிலில் நின்றபடி இருப்பிடத்தை அனுப்பச் சொல்வது அதைவிடவும் எளிது. ஆயத்தொலைவு எண்களாக (அட்சரேகை, தீர்க்கரேகை) அனுப்பினால், புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து இலக்கங்கள் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். மூன்றுதான் என்றால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போக இடமுண்டு.

அடுத்தடுத்த புறநகர்களில் ஒரே பெயருள்ள தெருக்கள் இருப்பது சாதாரணம் என்பதால், தெருப் பெயரோடு பகுதியின் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் சேர்த்தே தேடுங்கள். வாயில் சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, நடுத்திட்டு உள்ள சாலை என்றால் அதில் திறப்பு எங்கே இருக்கிறது, காரை உள்ளே விடுவார்களா அல்லது வெளியே நிறுத்த வேண்டுமா என்ற மூன்றையும் இந்தப் படியிலேயே முடித்துவிடுங்கள். சேருமிடம் எதிர்ப்பக்கத்தில் இருந்து, அடுத்த யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கண்ணெதிரே தெரியும் வாயிலுக்குப் போகக் கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: சாலைகளின் அமைப்பைப் படியுங்கள்

வரைபடத்தைச் சற்றுச் சுருக்கி, இரண்டு புறநகர்களும் ஒரே திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பெரும்பாலான நகரங்களில் பெரிய சாலைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்திலிருந்து வெளியே செல்கின்றன. புறநகர்கள் இந்த ஆரக்கால்களை ஒட்டி வளர்ந்தவை. அதனால் புறநகரிலிருந்து நகர மையத்துக்குப் போவது எளிதாகவும், பக்கத்துப் புறநகருக்குப் போவது சுற்றுவழியாகவும் அமைந்துவிடுகிறது. நேர்கோட்டில் நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இடத்துக்கு, ஓர் ஆரக்காலில் உள்ளே சென்று இன்னொன்றில் வெளியே வர வேண்டியிருந்தால், ஓட்டும் தூரம் பத்துக்கு மேல் போய்விடும்.

இன்னொரு காரணம் குடியிருப்புப் பகுதிகளின் வடிவத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929-இல் உருவான ராட்பர்ன் என்ற குடியிருப்பு, கார்களின் காலத்துக்கான ஊர் என்ற எண்ணத்தில் திட்டமிடப்பட்டது. வீடுகள் முட்டுச்சந்துகளை ஒட்டி அமைந்தன, ஊடே செல்லும் போக்குவரத்து வெளிச்சாலைகளோடு நின்றது. அந்த எண்ணம் பின்னர் உலகின் பல இடங்களிலும் பரவியது. அமைதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்ற வகையில் அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட குடியிருப்பிலிருந்து வெளியேற ஒன்றோ இரண்டோ வழிகள்தாம் இருக்கும், காலையில் எல்லோரும் அந்த வழிகளில்தான் வருவார்கள். ஆகவே உங்கள் பக்கத்து வெளியேறும் வழி எது, அந்தப் பக்கத்து நுழைவழி எது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட தூரத்துக்கான வழி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஆறு, ரயில் பாதை, விரைவுச்சாலை போன்ற தடை ஏதாவது இருந்தால், அதைக் கடக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பாலமோ சுரங்கப்பாதையோ ரயில்வே கேட்டோ, கடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் உங்கள் பயணத்தின் தலைவிதி அங்கேதான் முடிவாகிறது. கேட் மூடியிருக்கும் நேரத்தை எந்தச் செயலியும் நம்பத்தக்க அளவில் சொல்வதில்லை. சற்றுச் சுற்றினாலும் மேம்பாலம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தாழ்வான சுரங்கப்பாதை மழை நாளில் வழியே அன்று.

மூன்றாம் படி: இரண்டு வழிகள், அவை பிரியும் ஓர் இடம்

செயலி காட்டும் முதல் வழியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கெனுக்கு மிகக் குறுகிய வழி எது என்ற கேள்விக்காக 1956-இல் யோசித்து 1959-இல் வெளியிட்ட கணக்கீட்டு முறையும், அதன் வழிவந்த முறைகளும்தான் வழிகாட்டும் மென்பொருள்களுக்கு இன்றும் அடித்தளம். சாலைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைக் கொடுத்து, கூட்டுத்தொகை குறைவாக வரும் தொடரைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அந்த மதிப்பில் நேரம் இருக்கும், தூரம் இருக்கும். சிக்னல் இல்லாத சந்திப்பில் எதிர்வரும் வண்டிகளுக்கு ஊடே திரும்புவதற்குப் புதிதாக ஓட்டுபவர் படும் பாடு இருக்காது. அதை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடப்புறம் ஓட்டும் நாடுகளில் வலப்பக்கத் திருப்பமும், வலப்புறம் ஓட்டும் நாடுகளில் இடப்பக்கத் திருப்பமும் எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டிச் செல்பவை. அவ்வகைத் திருப்பங்கள் வழியில் எத்தனை இருக்கின்றன, அவற்றில் சிக்னல் உள்ளவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் யு.பி.எஸ். நிறுவனம் அமெரிக்காவில் தன் வண்டிகளுக்கான வழிகளை வகுக்கும்போது இத்தகைய திருப்பங்களை இயன்றவரை தவிர்ப்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. இரண்டு நிமிடம் கூடினாலும் அத்தகைய திருப்பங்கள் குறைந்த வழியே புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சிலர் இதை ஏற்பதில்லை, அவர்கள் வசதிப்படி ஓட்டட்டும்.

முதன்மை வழியைத் தேர்ந்த பிறகு மாற்று வழி ஒன்றையும் பார்த்து வையுங்கள். ஒன்று போதும். இரண்டும் எந்தச் சந்திப்பில் பிரிகின்றன என்பதையும், அங்கே என்ன அடையாளம் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்பை நெருங்கும்போது முன்னால் வண்டிகள் தேங்கி நின்றால் மாற்று வழி, இல்லையென்றால் முதன்மை வழி. அதைத் தாண்டிய பிறகு மனத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அறிமுகம் இல்லாத குடியிருப்புத் தெருக்களுக்குள் குறுக்குவழி தேடப் புகுந்தால், முட்டுச்சந்தில் காரைத் திருப்பிக்கொண்டிருக்கும் நிலைதான் பெரும்பாலும் வரும்.

நான்காம் படி: நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் பலரும் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 12 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 14 நிமிடம் 24 விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சரியாக 12 நிமிடம். வேகத்தைக் கூட்டியதால் கிடைத்த ஆதாயம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. வழியில் எட்டு சிக்னல்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 90 விநாடிச் சுற்றில் 60 விநாடி சிவப்பில் இருப்பதாகவும் கொள்வோம். மூன்றுக்கு இரண்டு முறை சிவப்பில் மாட்டுவீர்கள், மாட்டும்போது சராசரியாக 30 விநாடி நிற்பீர்கள். அதாவது சிக்னல் ஒன்றுக்குச் சராசரி 20 விநாடி, எட்டுக்கும் சேர்த்து 2 நிமிடம் 40 விநாடி. வேகத்தால் மிச்சம் பிடித்ததைவிட இது அதிகம். எல்லாமே பச்சையாக இருக்கும் நாளுக்கும், எல்லாவற்றையும் நூலிழையில் தவறவிடும் நாளுக்கும் இடையே எட்டு நிமிடம் வேறுபடும். வரிசை நீண்டு ஒரே பச்சையில் கடக்க முடியாமல் போனால் ஏற்படும் தாமதத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

எனவே ஒற்றை எண்ணை நம்பாமல் வீச்சைப் பாருங்கள். கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தையோ சேர வேண்டிய நேரத்தையோ முன்கூட்டியே குறிப்பிட்டால், வழக்கமாக எத்தனை நிமிடம் முதல் எத்தனை நிமிடம் வரை ஆகும் என்று காட்டும். முந்தைய இரவு பத்து மணிக்குப் பார்த்த நேரத்தை வைத்துக் காலை ஒன்பது மணிப் பயணத்தைத் திட்டமிடுவது வீண் வேலை. அதே கிழமைக்கும் அதே நேரத்துக்கும் பாருங்கள். கட்டாயம் குறித்த நேரத்தில் இருக்க வேண்டிய பயணம் என்றால், வீச்சின் மேல் எல்லையைக் கணக்கில் கொள்ளுங்கள்.

10 மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும், செயலி 22 முதல் 35 நிமிடம் வரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்திய இடத்திலிருந்து நடக்க 5 நிமிடம், ஆகவே 9.55-க்குக் கார் நின்றிருக்க வேண்டும். நிறுத்த இடம் தேட 7 நிமிடம், ஆக 9.48. வாயிலில் பெயர் எழுதி உள்ளே போக 3 நிமிடம், ஆக 9.45. ஓட்டும் நேரம் 35 நிமிடம், ஆக 9.10-க்குச் சக்கரம் உருள வேண்டும். வீட்டைப் பூட்டிக் காரில் ஏறி, கண்ணாடிகளைச் சரிசெய்து, செயலியில் வழியைத் தொடங்க 5 நிமிடம் ஆகும். வீட்டை விட்டு இறங்கும் நேரம் 9.05. செயலி காட்டும் 22 நிமிடத்தை மட்டும் பார்த்திருந்தால் 9.38 வரை நிதானமாக உட்கார்ந்திருப்பீர்கள்.

பள்ளிகள் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தத் தெருக்களைத் தவிர்த்தால் நேரமும் மிச்சம், குறுக்கே ஓடும் குழந்தைகளைப் பற்றிய பதற்றமும் மிச்சம். மற்றபடி, அவசரம் இல்லாத பயணத்தை அரை மணி தள்ளிப்போடுவதைவிடச் சிறந்த போக்குவரத்துத் தந்திரம் எதையும் நான் அறியேன்.

ஐந்தாம் படி: காரும் கைபேசியும்

எரிபொருளோ மின்னேற்றமோ போய்த் திரும்புவதற்குப் போதுமா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். டயர்களின் காற்றழுத்தத்தைக் கார் சில மணி நேரமாக ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். எரிபொருளில் ஓடும் கார்களில், இயந்திரம் முழுமையாகச் சூடேறும் முன்பே குறுகிய பயணம் முடிந்துவிடுவதால், கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருள் கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கத்தில் செய்ய வேண்டிய வேறு வேலைகள் இருந்தால் இயந்திரத்தின் சூடு ஆறுவதற்குள் ஒரே சுற்றில் முடித்துவிடுவது நல்லது.

கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, குரல் வழிகாட்டலை இயக்கி, அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் கார் நகர்வதற்கு முன் முடிய வேண்டியவை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் செல்கிறது. திரையில் ஐந்து விநாடி எதையாவது தேடினால், சாலையைப் பார்க்காமல் 70 மீட்டர் ஓட்டியிருப்பீர்கள். திருப்பத்தைத் தவறவிட்டால் நேராகவே செல்லுங்கள், செயலி புதிய வழியைக் கணக்கிட்டுக்கொள்ளும். கடைசி நொடியில் தடம் மாறுவதால் மிச்சமாகும் நேரம் மிக அற்பம்.

ஆறாம் படி: திரும்பும் வழி தனிப் பயணம்

போன வழியைத் தலைகீழாக்கினால் வந்த வழி கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒருவழிப்பாதைகளும் நடுத்திட்டுத் திறப்புகளும் இரு திசைக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. போகும்போது எளிதாக இருந்த திருப்பம், வரும்போது எதிர்வரும் வண்டிகளை வெட்டிச் செல்லும் திருப்பமாக மாறியிருக்கும். காலையில் நகரத்தை நோக்கிச் சென்ற நெரிசல் மாலையில் வெளியே வரும். இருட்டிய பிறகு திரும்புவதாக இருந்தால், பகலில் அடையாளமாக வைத்துக்கொண்ட பெயர்ப்பலகையோ மரமோ கண்ணுக்குத் தெரியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். எனவே திரும்பும் வழிக்கு இரண்டாம் படியிலிருந்து நான்காம் படி வரை இன்னொரு முறை செய்யுங்கள். இந்த முறை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முக்கியமான நாளுக்கு முன்பு ஒரு விடுமுறைக் காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க முடிந்தால், கூட்டம் இல்லாத நேரத்தில் சந்திப்புகளும் வாயிலும் கண்ணுக்குப் பழகிவிடும். நேரத்தை மட்டும் அன்றைய அனுபவத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். பயணம் முடிந்ததும் கைபேசிக் குறிப்பில் நான்கு எண்களை எழுதி வையுங்கள்: வீட்டை விட்டு இறங்கிய நேரம், முதல் பெரிய சாலையை அடைந்த நேரம், வாயிலை அடைந்த நேரம், கார் நின்ற நேரம். மூன்று, நான்கு பயணங்களின் குறிப்பு சேர்ந்துவிட்டால், அந்த வழிக்கான வீச்சைச் செயலியிடம் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.