மாஸ்டரின் காலை நம்பி எட்டு போடப் போகாதீர்கள்

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். பெங்களூரில் நான் பழகிய முதல் பதினைந்து நாளில் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை, பரவாயில்லையே, நமக்கு நன்றாக வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன். பதினாறாவது நாள் எல் போர்டு மாட்டி, நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய காரை முருகேஷ்பாளையத்தில் ஒரு சந்தில் நகர்த்தப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் ஏழு முறை ஆஃப். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதையே நிறுத்திவிட்டார், பாவம். அத்தனை நாளும் கிளட்சை விட்டது என் கால் இல்லை.

முதல் தவறு அதுதான், மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் வருகின்றன. இரண்டாவது வாரம் வந்ததும் "அண்ணா, இன்னைக்கு நீங்க காலை எடுத்துடுங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெதுவாக விடுங்கள். ஒரு இடத்தில் வண்டி லேசாக உதறும், அதுதான் பிடிக்கிற இடம். அதைக் கால் தானாகக் கண்டுபிடிக்கும் வரை இருபது தடவை, முப்பது தடவை செய்யுங்கள். ஒவ்வொரு காரிலும் இந்த இடம் கொஞ்சம் மாறும், அதனால் ஒரு காரில் பழகிவிட்டு டெஸ்டுக்கு வேறு காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்தது மேடு. பெங்களூர் ஞானபாரதியில் லைசென்ஸுக்காக இருக்கும் தானியங்கி டெஸ்ட் டிராக்கில் எட்டு, எச் வடிவங்களோடு ஒரு ஏற்றமும் உண்டு. ஏற்றத்தில் நிறுத்தித் திரும்ப எடுக்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு அவசரமாக ஆக்சிலேட்டருக்குத் தாவுகிறோம், அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் உருள்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைப் பிடிக்கிற இடம் வரை விட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் எழும்பிய பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். பழக எங்கேயும் தேட வேண்டாம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவே போதும், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போங்கள். இன்னொன்று, சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் ஏற்றத்தில் வண்டியை ஹாஃப் கிளட்சிலேயே தாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது என்று அர்த்தம்.

எட்டு போடும்போது பானெட் நுனியையே உற்றுப் பார்க்கிறவர்கள்தான் கோட்டைத் தொடுகிறார்கள். கண் அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும், கை பின்னால் வரும். பைக்கிலும் அப்படித்தான். அப்புறம் வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் பைக் சாயும், கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். பின் பிரேக்கை மட்டும் லேசாக. எச் வளைவில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஆக்சிலேட்டரே வேண்டாம், கிளட்ச் போதும். டிராக்கில் சென்சாரும் கேமராவும் பார்க்கின்றன, "சார், கொஞ்சம்தான் பட்டுச்சு" என்று அவற்றிடம் பேச முடியாது. ஏறி உட்கார்ந்ததும் மிரரைத் திருப்பி வைத்து சீட் பெல்ட் போடுவதற்குள் கிளம்பிவிடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது, நானும் ஒரு நாள் அப்படிக் கிளம்பியவன்தான்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, கன்னடம். "எடக்கே" என்றால் இடது என்று ஊகித்துவிடலாம், "பலக்கே" என்றால் வலது என்று தெரியாமல் பதற்றத்தில் இடது பக்கம் ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். "ஹிந்தே" என்றால் பின்னால். இந்த மூன்று வார்த்தையையாவது காதில் போட்டுக்கொண்டு போங்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) தேர்வைப் புரோக்கரிடம் விட்டுவிட்டு சாலைக் குறியீடுகளைப் படிக்காமலே ரோட்டுக்கு வருவது இன்னொரு வழக்கம். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல், இதைப் படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

கடைசியாகத் தேதிக் கணக்கு. எல்எல்ஆர் 6 மாதம்தான் செல்லும், வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். ஐந்தாவது மாதம் முடிகிறவரை இழுத்துவிட்டு ஸ்லாட் தேடாதீர்கள், ஏனென்றால் தோற்றால் அடுத்த முயற்சிக்கு 7 நாள் பொறுக்க வேண்டும், மூன்று முறை தோற்றால் 60 நாள். நான் முதல் தடவை தோற்றது ஏற்றத்தில்தான். இரண்டாவது தடவை போவதற்கு முன் அந்த ஒரு வாரமும் தினமும் பேஸ்மென்ட் சரிவில் நின்றேன், வாட்ச்மேன் தாத்தாவே கடைசியில் "கிளட்சை இன்னும் மெதுவா விடு தம்பி" என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.