அம்மா "ஏதோ கத்துகிறது" என்று சொன்னால்: டர்பனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரமாகிறது. பெட்டியில் என்ன வைக்க வேண்டும், எந்த ஊரில் விமானம் மாற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் நான் பட்டதை மட்டும் எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி ஒரு கேமரா ரெக்கார்டரைப் பற்றியது. பெற்றோரை ஊரில் தனியே விட்டுவிட்டு, வீட்டுச் சுவரில் நான்கு கேமராக்களை மாட்டியிருக்கிற எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் பெரிய மூன்று முனைப் பிளக், ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் வைத்திருக்கும் 15 ஆம்பியர் சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். இரண்டு நாட்டிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான். அடாப்டர் தேடி அலைய வேண்டாம். ராண்ட் நோட்டுகளைக் கொண்டுபோகாதீர்கள், எங்கள் பக்கத்தில் மாற்றித் தர ஆளில்லை. டாலராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிம் கார்டு. பெற்றோரின் பெயரில் உள்ள பழைய எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் சாகவிடாதீர்கள். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் விட்டால் துண்டித்துவிடலாம் என்பது அங்கே விதி. அப்பா போன பிறகு அவர் போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டோம். வங்கி, எரிவாயு, மின்கட்டணம், கேமரா என்று எல்லாமே அந்த ஒரு எண்ணில்தான் இருந்தன. அது எவ்வளவு பெரிய தவறு என்று ஜூலையில்தான் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் கேமரா இல்லாத வீடு இல்லை. மின்வேலி, அலாரம், துப்பாக்கியோடு வரும் தனியார் காவல் வண்டி, இவற்றோடு வாழப் பழகிவிட்டோம். இங்கே பழகிக்கொண்ட பயத்தைக் கும்பகோணத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் சிற்றூரில், ஓட்டு வீட்டின் சுவரில் கொண்டுபோய் மாட்டினேன். வாசல், திண்ணை, முற்றம், கொல்லை என்று நான்கு கேமராக்கள். கூடத்து அலமாரியில் ரெக்கார்டர், அதற்குள் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் போனில் பார்ப்பேன். நமக்கு அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அப்போது அங்கே காலைப் பலகாரம் முடிந்திருக்கும், அப்பா திண்ணையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட அந்த ஐந்து நிமிடம் எனக்கு வசதியாக இருந்தது. இரண்டரை வருடம் போகவில்லை.

ஜனவரி 6 அன்று அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 9 அன்று இறந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தது 10. முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

12 அன்று இரவு, கேமரா மாட்டித் தந்த தம்பி துக்கம் விசாரிக்க வந்திருந்தார். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் ரெக்கார்டரில் பதினோரு நாள் பதிவுதான் நிற்கும். கணக்கு எளிது: ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நான்கு கேமராவுக்கு 86 ஜிபிக்கு மேல். 4 மெகாபிட்டாக வைத்தால் ஆறு நாள்கூட நிற்காது. அதாவது ஜனவரி 1 முதல் 6 வரை அப்பா நடந்ததும் உட்கார்ந்ததும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன, அன்றிரவிலிருந்து ஒவ்வொரு மணி நேரமாக அழியப் போகின்றன. "ஓவர்ரைட்டை நிறுத்திவிடு தம்பி" என்றேன். கடவுச்சொல்லை அடித்து நிறுத்திக் கொடுத்தார். ஏற்கெனவே நிறைந்திருந்த டிஸ்க். அந்த நிமிடத்தோடு பதிவும் நின்றுவிட்டது. அது எனக்குப் புரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டேன்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். போனில் நேரலைப் படம் தெளிவாக வரும். அம்மா கோலம் போடுவது தெரியும், மாடு போவது தெரியும். நேரலை வருவதற்கும் பதிவாவதற்கும் சம்பந்தமே இல்லை. வாரம் ஒரு முறை முந்தைய நாளின் பதிவை ஓட்டிப் பாருங்கள். நேற்று மதியத்தைத் தேடி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் சோதனை.

பிப்ரவரியில் அம்மா போனில் சொன்னார்: "அலமாரியில் ஏதோ கத்திக்கொண்டே இருக்கிறது." நான் மாதக் கடைசிக் கணக்கில் இருந்தேன். "பார்க்கிறேன் அம்மா" என்றேன். மறுபடியும் இரண்டு முறை சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

மே மாதத்தில் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பாட்டி காலத்துப் பித்தளை அண்டா காணாமல் போனது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அண்டா. சித்தப்பா உடனே வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பெயரைச் சொன்னார். பதினான்கு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், அப்பாவைக் கடைசி நாட்களில் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தவர். "கேமரா இருக்கிறதே, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று அந்த அக்காவே சொன்னாராம். நான் இங்கிருந்து போனில் தேடினேன். ஜனவரி 12க்குப் பிறகு ஒன்றும் இல்லை. இணையக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவை அழைத்துப்போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வைத்தார் சித்தப்பா. சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

ஜூலையில் போய் இறங்கி அலமாரியைத் திறந்தேன். அப்பாவின் பழைய துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு தலையணையும் வைத்து அம்மா அதை மூடியிருந்தார். துண்டுக்குள்ளிருந்து இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கையை வைத்தால் சுட்டது. ஐந்து மாதத்துக்கும் மேலாக டிஸ்க் நிறைந்துவிட்டது, நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

மெனுவுக்குள் போகக் கடவுச்சொல் வேண்டும். மாட்டித் தந்த தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டார். மறந்துவிட்டது என்று அழுத்தினால் சரிபார்ப்பு எண் அப்பாவின் போனுக்குப் போகிறது, அந்த சிம் செத்துவிட்டது. தம்பியின் அம்மாவைத் தேடிப்போய் எண் வாங்கி, அவர் வேலை முடிந்து அறைக்கு வரும் வரை காத்திருந்து கேட்டு வாங்க மூன்று நாளாயிற்று. கேமரா மாட்டும் அன்றே கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வாங்குங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையும் கொடுங்கள்.

திறந்த அன்று சித்தப்பா நான்கு பேரோடு கூடத்தில் வந்து நின்றார். "போட்டுக் காட்டு" என்றார். கடைசியாகப் பதிவான காட்சியைப் போட்டேன். திண்ணை ஓரம் அடுக்கி வைத்த வாடகை நாற்காலிகள். சாவு வீட்டுக்கு எடுத்தவை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவர் திருப்தியாக எழுந்து போனார். பதிவு இல்லாததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

காவல் நிலையத்துக்கு நான்கு நாள் நடந்தேன். எனக்கு அந்த அக்கா மீது சந்தேகம் இல்லை என்று எழுதித் தருகிறேன் என்றேன். புகார் கொடுத்தவர் நீங்கள் இல்லை, உங்கள் அம்மாதான் வர வேண்டும் என்றார்கள். முதல் நாள் அதிகாரி திருவிழாப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் எழுத்தர் விடுப்பு. மூன்றாம் நாள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எங்கே என்றார்கள். அது சித்தப்பாவின் சட்டைப் பையில் துவைக்கப் போய்க் கூழாகியிருந்தது. நான்காம் நாள், எழுபத்து நான்கு வயது அம்மா சுவரோர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் கையாலேயே, நடுங்கும் எழுத்தில், "இவர் மீது எனக்குச் சந்தேகம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியை அவர் எழுதி முடிப்பதை நான் நின்று பார்த்தேன்.

உங்களுக்கு இது நேர்ந்தால் சில விஷயங்கள். ரசீதை வாங்கிய இடத்திலேயே படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக் கடையிலும் கேமரா இருந்தது. மே மாதமே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், ஜூலையில் அது பலமுறை அழிந்து எழுதப்பட்டிருந்தது. இரண்டு நாளுக்குள் அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுங்கள். பதிவு இருந்தாலும் பென் டிரைவில் கொடுத்தால் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது என்று ஒரு வழக்கறிஞர் விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவைக் கொடுப்பவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும்.

ரெக்கார்டரை எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன். ஓவர்ரைட்டை மீண்டும் இயக்கினாலே போதும், கத்தல் நின்று பதிவு தொடங்கிவிடும். ஆனால் முதலில் அழிவது ஜனவரி 1. டிஸ்கைக் கழற்றிக் கணினியில் செருகிப் படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட கருவிகள் பலவும் தங்களுக்கே உரிய முறையில் எழுதுகின்றன, சாதாரணக் கணினி அதை வெற்று டிஸ்க் என்று நினைத்து ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் போயிற்று. ரெக்கார்டரின் பின்புற யூஎஸ்பியில் வெளி டிஸ்கைச் செருகி, திண்ணைக் கேமராவின் ஆறு நாளை மட்டும் ஏற்றுமதி செய்தேன். சுமார் 130 ஜிபி. இரண்டு இரவு ஓடியது. பிறகு பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, கண்காணிப்புக்கென்றே விற்கும் 4 டெராபைட் டிஸ்கைப் போட்டேன். நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பதற்குச் செய்தது அது, சாதாரணக் கணினி டிஸ்க் இந்த வேலைக்கு ஆகாது. ஓவர்ரைட்டை இயக்கினேன், ரெக்கார்டரை இன்வெர்ட்டரில் இணைத்தேன். மின்வெட்டு டிஸ்கை என்ன செய்யும் என்பது டர்பனில் இருக்கும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முக்கியமான காட்சியை மட்டும் தேர்ந்தெடுத்து, அழியாதபடி பூட்டி வைக்கும் வசதி எங்கள் ரெக்கார்டரிலேயே இருந்தது. ஜனவரியில் அதைச் செய்திருந்தால் அப்பாவும் இருந்திருப்பார், கொல்லையும் பதிவாகியிருக்கும்.

ஏற்றுமதி ஓடிய இரவில் ஒரு காட்சியைப் பார்த்தேன். ஜனவரி 3, மணி 2:10. கருப்பு வெள்ளையில் அப்பா போர்வையோடு திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளும் அதே நேரம். வலியில் தூங்கவே இல்லையா, ஒருவரிடமும் சொல்லவில்லையா என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பாவிடம் பாத்திரத்தை வாங்கினார். "ராத்திரி இரண்டு மணிக்கா பால்காரர் வருவார்? விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வருகிறவர்" என்றார் அம்மா. எப்போதோ டர்பனில் இருந்தபடி ஆப்பில் நேரத்தைச் சரிசெய்தபோது, போனின் நேரத்தோடு பொருத்தட்டுமா என்று அது கேட்டது, நான் சம்மதித்திருந்தேன். மூன்றரை மணி நேரம் பின்தங்கி, அப்பாவின் வீட்டில் என் ஊர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் பாருங்கள். நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு ஒரு விசாரணையில் உங்கள் பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார். 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த பிரதி. அவருடைய கொள்ளுப்பாட்டனின் ஊர், வட ஆற்காடு மாவட்டம் என்று இருந்தது. அந்தப் பெயரில் இப்போது மாவட்டம் இல்லை, 1989இல் பிரித்துவிட்டார்கள். இப்படித் தேடிப் போகிறவர்கள் தாலுகாப் பெயரைப் பிடித்துக்கொண்டு, எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரை அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் போகவில்லை. அதற்கென்று ஒதுக்கிய நான்கு நாளும் காவல் நிலையத்தில் போயின. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, மடித்து வேதப் புத்தகம்போல் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அம்மா எழுதிக் கொடுத்ததன் நகலைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை படிக்கச் சொன்னார். மோர் கொடுத்தார். "ஐயாவுக்காக வந்துகொண்டிருந்தேன். இனி முடியாது" என்றார்.

இன்று காலை போனில் பார்த்தேன். அம்மா கொல்லையில் பிளாஸ்டிக் வாளியோடு நின்று தானே துணி அலசிக்கொண்டிருந்தார். ஒரு கையால் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். பார்ப்பதை நிறுத்திவிட்டு அழைத்தேன்.