‘12 லட்சம் வரை வரி இல்லை’: வரிச் சீர்திருத்த அறிவிப்புகளில் நடுத்தரக் குடும்பங்கள் தவறிப்போகும் இடங்கள்

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையை முடித்த சில நிமிடங்களிலேயே ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற செய்தி எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தி பொய்யில்லை. ஆனால் அதை அப்படியே வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டவர்களில் பலர், கணக்குத் தாக்கல் செய்யும்போது எதிர்பாராத தொகையைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சொன்ன எண் வேறு, நம் வீட்டு எண் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. கீழே வரும் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை.

தள்ளுபடியை விலக்கு என்று நினைப்பது

இப்போது இரண்டு வரி முறைகள் உண்டு: கழிவுகள் நிறைந்த பழைய முறை, கழிவுகள் குறைந்து விகிதமும் குறைந்த புதிய முறை. புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்குத்தான் உண்மையில் வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், 12 முதல் 16 வரை 15 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. 12 லட்சத்துக்கு இந்தக் கணக்குப்படி 60,000 ரூபாய் வரி வரும். அந்த 60,000 ரூபாயை அரசு தள்ளுபடி செய்கிறது, அவ்வளவுதான். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும்.

ஆகவே வரிக்குரிய வருமானம் 13 லட்சம் என்றால், மேலே உள்ள 1 லட்சத்துக்கு மட்டும் 15,000 கட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. 75,000 ரூபாய் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் (வரித்தொகைமேல் விதிக்கும் கூடுதல் வரி), மொத்தம் 78,000.

12 லட்சத்தைக் கொஞ்சமாகத் தாண்டுபவர்களுக்கு ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்பது விதி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒருவருக்குச் சம்பளம் 12,75,000. சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போனால் சரியாக 12 லட்சம், வரி இல்லை. அவருக்கு வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் வட்டியாக 20,000 ரூபாய் வருகிறது. வரி 20,000, செஸ் 800. வட்டி முழுவதும் போய், கையிலிருந்து மேலும் 800 ரூபாய் போகிறது. வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 12,70,000 ஆகும்வரை இதே நிலைதான். இந்த இடைவெளியில் இருப்பவர்களுக்குச் சம்பள உயர்வு என்பது ஊதியச் சீட்டில் மட்டும் தெரியும் உயர்வு.

இதற்குள்ளேயே இன்னொரு சிக்கல். வட்டி 50,000 ரூபாய்க்குள் இருந்தால் வங்கி டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்காது. 2025 ஏப்ரலில் இந்த வரம்பு 40,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்ந்தது. மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். இதையும் வரிச்சலுகை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். பிடிக்கவில்லை என்றால் அந்த வட்டிக்கு வரி இல்லை என்று பொருளில்லை. அலுவலகத்துக்கு அந்த வட்டி தெரியாது, வங்கி பிடித்தம் செய்வதில்லை, ஆக மொத்தமும் கணக்குத் தாக்கலின்போது ஒரேயடியாக வந்து நிற்கும். அப்படி நிற்கும் வரி 10,000 ரூபாயை எட்டினால், முன்கூட்டியே கட்டாததற்கு வட்டியும் சேரும்.

பங்குச் சந்தையில் கைவைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பங்கு போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு, இந்தத் தள்ளுபடி கிடையாது. சம்பளம் 9 லட்சம்தான், பங்கு விற்றதில் குறுகிய கால ஆதாயம் 1 லட்சம் என்றால், மொத்தம் 12 லட்சத்துக்குக் கீழேதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சம்பளத்துக்கு வரி வராது. ஆதாயத்துக்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 20,800 ரூபாய் கட்ட வேண்டும்.

வரி இல்லை என்பதால் தாக்கலும் வேண்டாம் என்று விடுவது

தள்ளுபடி பெறுவதற்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். புதிய முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் கட்டாயம்.

முன்மொழிவைச் சட்டம் என்று நம்பி முடிவெடுப்பது

பட்ஜெட் உரையில் வருவது முன்மொழிவு. நிதி மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகே அது சட்டம். நடுவில் மாறும், சில நேரம் மறைந்தும் போகும்.

2009 ஆகஸ்ட்டில் பிரணாப் முகர்ஜி நிதியமைச்சராக இருந்தபோது நேரடி வரி விதித்தொகுப்பின் வரைவு வெளியானது. 10 லட்சம் வரை 10 சதவீதம், 25 லட்சம் வரை 20 சதவீதம் என்றது அந்த வரைவு. அன்றைய சம்பளங்களை நினைத்துப் பாருங்கள், நடுத்தர வர்க்கம் மனக்கோட்டை கட்டாமல் இருந்திருக்குமா? மறு ஆண்டு மசோதாவாக மக்களவைக்கு வந்தபோது 10 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் என்று அது மாறியிருந்தது. அந்த மசோதாவும் நிறைவேறாமலே 2014இல் காலாவதியானது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2016 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி, அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் சேரும் பி.எஃப். பணத்தை எடுக்கும்போது 60 சதவீதத் தொகைக்கு வரி என்ற முன்மொழிவை வைத்தார். எதிர்ப்பு பலமாக எழ, மார்ச் 8ஆம் தேதியே அது திரும்பப் பெறப்பட்டது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வீடு, மனை விற்பனைக்கான பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தி லாபத்தைக் கணக்கிடுவது) நீக்கப்பட்டது. அடுத்த மாதமே, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்துகளுக்குச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் அல்லது சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், எது குறைவோ அது என்று திருத்தம் வந்தது. சொத்தை விற்பதா, வைத்திருப்பதா என்ற முடிவைப் பட்ஜெட் அன்று இரவே எடுக்கத் தேவையில்லை.

ஆண்டுக் குழப்பமும் இங்கேதான் சேர்கிறது. 2025 பிப்ரவரியில் சொன்னது 2025 ஏப்ரல் முதல் சம்பாதிக்கும் பணத்துக்கு. 2025இல் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் அதற்கு முந்தைய ஆண்டு வருமானத்தைக் காட்டினார்கள். அதற்குத் தள்ளுபடி வரம்பு 7 லட்சம்தான். ‘அறிவித்தார்களே, ஏன் கிடைக்கவில்லை?’ என்று அப்போது ஆடிட்டர்களிடம் சண்டைக்குப் போனவர்கள் குறைவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டம் சம்பாதிக்கும் ஆண்டுக்கும் அதை மதிப்பிடும் ஆண்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் ‘வரி ஆண்டு’ என்று ஒரே பெயரைக் கொண்டுவந்திருப்பது இந்த ஒரு விஷயத்துக்காகவாவது நல்லது. அந்தச் சட்டம் பிரிவு எண்களையும் மொழியையும் மாற்றுகிறதே தவிர வரி விகிதங்களை மாற்றவில்லை.

யாரோடு ஒப்பிட்டு மிச்சம் என்று பார்க்காமல் விடுவது

‘12 லட்சம் வருமானத்துக்கு 80,000 ரூபாய் மிச்சம்’ என்று விளம்பரமானது. கணக்கு சரி. ஆனால் அது முந்தைய ஆண்டும் புதிய முறையிலேயே இருந்தவர்களுக்கான மிச்சம். வீட்டுக் கடன், 80சி (குறிப்பிட்ட சேமிப்புகளுக்கான கழிவு), மருத்துவக் காப்பீடு என்று எல்லாக் கழிவையும் காட்டிப் பழைய முறையில் இருந்தவர் முன்பே குறைவாகக் கட்டியிருப்பார். அவருடைய மிச்சம் அந்த 80,000 இல்லை.

ஆண்டுத் தொகையில் பேசுவதும் ஒரு ஜாலம். 15 லட்சம் சம்பளம் வாங்குபவருக்குப் புதிய முறையில் வரி 1,30,000இலிருந்து 97,500 ஆகக் குறைந்தது. மிச்சம் 32,500 என்றதும் மனம் உடனே ஒரு பெரிய செலவைத் தேடும். மாதத்துக்கு 2,700 ரூபாய் என்று சொன்னால் அதே மனம் அமைதியாகிவிடும்.

பழையதா புதியதா என்ற கேள்விக்கு இந்த 15 லட்சம் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000 என்று காட்டினாலும் வரி 1,40,400 வருகிறது. புதிய முறையைவிட 42,900 அதிகம். இவருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமென்றால், நிலையான கழிவு தவிர 5,43,750 ரூபாய்க்கு மேல் கழிவுகள் வேண்டும். பெரிய நகரத்தில் கணிசமான வாடகை கொடுத்து, வாடகைப் படியும் பெற்று, மற்றதெல்லாமும் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது எட்டும். ‘வீட்டுக் கடன் இருக்கிறது, அதனால் பழைய முறைதான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுசெய்வது இப்போது பெரும்பாலும் நஷ்டம்.

கழிவை எட்டுவதற்காகவே மார்ச் மாதத்தில் ஏதாவது பாலிசி எடுப்பது அதைவிட மோசம். 30 சதவீத வரம்பில் இருப்பவர்கூட 30 ரூபாய் மிச்சம் பிடிக்க 100 ரூபாயைப் பல ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கிறார். பூட்டி வைத்த இடம் நல்ல இடமா என்பதுதான் முதல் கேள்வி. வரி அதற்குப் பின்னால் வரட்டும்.

தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஏப்ரலில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது தாக்கலின்போது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமானால் புதிய முறை மட்டுமே. தொழில் அல்லது தொழில்முறை வருமானம் உள்ளவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, பழைய முறைக்குப் போனவர் புதியதற்கு ஒரே ஒருமுறைதான் திரும்பலாம்.

குடும்ப வருமானமும் தனிநபர் வரியும்

பட்ஜெட் பேச்சில் ‘நடுத்தரக் குடும்பம்’ என்ற சொல் அடிக்கடி வரும். வருமான வரியோ குடும்பத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 12,75,000 சம்பளம் வாங்கினால் வீட்டுக்கு வரும் 25,50,000 ரூபாய்க்கு வரி பூஜ்யம். அதே 25,50,000 ஒருவர் சம்பளமாக வந்தால் வரி 3,35,400. வீட்டுச் செலவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடுகளை இந்தச் சீர்திருத்தம் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது என் கருத்து.

இதைச் சமாளிக்கிறேன் என்று மனைவி பெயரில் டெபாசிட் போடுவது பரவலாக நடக்கிறது. பணம் கணவனுடையதாக இருந்தால், அந்த வட்டி கணவனின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து வரும் வட்டி மட்டுமே மனைவியின் கணக்கு. பெற்றோருக்கோ 18 வயது நிறைந்த பிள்ளைக்கோ கொடுத்தால் இப்படிச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் கொடுத்த பணம் அவர்களுடையதாகிவிடும். வரியை மட்டும் கணக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டியில் தவறான கழித்தல்

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 18இல் 5 போனால் 13, ஆகவே விலை 13 சதவீதம் குறையும் என்று எதிர்பார்ப்பது தவறு. வரியோடு 118 ரூபாய் இருந்தது 105 ரூபாய் ஆகும். குறைவு 11 சதவீதம். 28இலிருந்து 18க்கு வந்த ஏசியில் 10 சதவீதம் அல்ல, 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி முழுவதுமாக நீங்கியது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது நிஜமான நிவாரணம். ஆனால் அதோடு, நிறுவனங்கள் தங்கள் செலவுகளில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. அதனால் அடிப்படை பிரீமியம் உயர இடமுண்டு. புதுப்பிக்கும்போது வரி வரி என்று தேடாமல், போன ஆண்டு மொத்தமாகக் கட்டிய தொகையையும் இந்த ஆண்டு மொத்தத்தையும் வைத்துப் பாருங்கள்.

சலுகையோடு சேமிப்பையும் கைவிடுவது

இந்தப் பட்டியலில் நீண்ட காலச் சேதம் தருவது இதுதான். புதிய முறையில் 80சி கழிவு இல்லை என்றதும், பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) போடுவதை நிறுத்தி, டேர்ம் பாலிசியை (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) காலாவதியாக விடுபவர்கள் இருக்கிறார்கள். போடும்போது கழிவு இல்லை என்பது உண்மை. ஆனால் பிபிஎஃப் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் புதிய முறையிலும் வரி கிடையாது. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாயாவது போடாவிட்டால் கணக்கு செயலிழக்கும். 40 வயதில் விட்ட டேர்ம் பாலிசியை 45 வயதில் மறுபடி எடுக்கப் போனால் பிரீமியம் கூடும். அதற்குள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ வந்திருந்தால் பாலிசி கிடைப்பதே சந்தேகம்.

புதிய முறையிலும் மிஞ்சியிருக்கும் கழிவைப் பலர் கேட்பதே இல்லை. என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் நிறுவனம் செலுத்தும் பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவாகும். நீங்களே கட்டினால் இது கிடைக்காது, நிறுவனத்தின் பங்காகவே போக வேண்டும். அதற்குச் சம்பள அமைப்பை மாற்றித் தர நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைக் கொஞ்சமாகத் தாண்டி, அந்த இடைவெளியில் மாட்டியிருப்பவர்கள் இதை ஆண்டுத் தொடக்கத்திலேயே மனிதவளப் பிரிவில் கேட்டுவைக்கலாம். ஜனவரியில் கேட்டால், பெரும்பாலான மாதங்களின் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாகியிருக்கும்.