பீரோ மேல் ஏறிவிடும் புத்தகங்கள்

குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் கொடுத்த அன்றோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்து ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் கொடுத்த கதைப் புத்தகம் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக பீரோ மேல் இருந்தது. "புள்ள கிழிச்சிரும்ங்க, அதான் எடுத்து வெச்சேன்" என்றார் அம்மா. அவர் மேல் தப்பில்லை. கிழிந்தாலும் பரவாயில்லை, கையில் கொடுங்கள் என்று நாங்கள்தான் சொல்லவில்லை.

படிக்கத் தெரியாத பெற்றோரை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. "எனக்கு எழுத்தே தெரியாதே" என்று அவர்களும் ஒதுங்கிக்கொள்வார்கள். படத்தில் விரல் வைத்து "இது என்ன பண்ணுது? அப்புறம்?" என்று கேட்டால் போதும், கதையைப் பிள்ளையே சொல்லும். ஆனால் இதை வாயால் சொன்னால் புரியாது, செய்து காட்ட வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் 1989-ல் தொடங்கிய 'ரீச் அவுட் அண்ட் ரீட்' திட்டத்தில், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவர் புத்தகம் கொடுப்பதோடு, அதை எப்படிச் சேர்ந்து பார்ப்பது என்று பெற்றோருக்கும் காட்டுகிறார். புத்தகம் கொடுக்கும்போது நாமும் ஐந்து நிமிடம் தரையில் உட்கார்ந்து காட்டலாம்.

கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்லாதீர்கள். அவர்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவிலேயே கூடுங்கள். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதையும் அவர்களிடம் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அங்கிருந்தே தொடங்கலாம்.

தன்னார்வலர்களைப் பெட்டி தூக்கவும் நாற்காலி போடவும் மட்டும் கூப்பிட்டால் மறுமாதம் வரமாட்டார்கள். ஆளுக்கு நான்கைந்து வீடு என்று பொறுப்பாகக் கொடுங்கள். கதை முடிந்ததும் "இதன் நீதி என்ன?" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கேட்டதுமே குழந்தையின் முகம் பரீட்சை முகமாகிவிடும். குழந்தையின் வாசிப்பு நிலையும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழகப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று பிரித்தே வருகின்றன. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு 'பற' புத்தகம் கொடுத்தால் அதுவும் பீரோ மேல்தான்.

சரி, போட்டோ? பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.