கம்பி நுனியில் உப்பை எடுத்துச் சுடரில் காட்டி, வரும் நிறத்தை வைத்து உப்பிலுள்ள உலோகத்தைக் கண்டுபிடிப்பதுதான் சுடர்ச் சோதனை. அதில் எந்த உப்பைக் காட்டினாலும் சுடர் மஞ்சளாகவே வருகிறதா?

அப்படியென்றால் தப்பு உப்பில் இல்லை, கம்பியில் இருக்கிறது. விரல் பட்ட வியர்வையில் உள்ள சோடியமே போதும், மற்ற நிறங்களையெல்லாம் அமுக்கிவிடும். அதனால் முதல் வேலை, சோடியத்தை விரட்டுவது.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நிக்கல், குரோமியம் கலந்த நிக்ரோம் கம்பியின் நுனியை (பிளாட்டினம் கிடைத்தால் இன்னும் நல்லது) அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, புன்சன் விளக்கின் காற்றுத் துளையை முழுதாகத் திறந்து, நீலச் சுடரில் காட்டுங்கள். மறுபடி அமிலம், மறுபடி சுடர், கம்பியால் நிறம் எதுவும் வராமல் போகும்வரை இதேதான். சலிப்பான வேலை, ஆனால் இதில் அவசரப்பட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் சோடியம்தான்.

சரி, இப்போது நுனியை அமிலத்தில் நனைத்து, உப்பில் லேசாகத் தொட்டு, சுடரின் ஓரத்தில் பிடியுங்கள். குளோரைடு உப்பாக இருந்தால் சுலபமாக ஆவியாகும், நிறமும் பளிச்சென்று தெரியும். லித்தியம் கருஞ்சிவப்பு, பொட்டாசியம் வெளிர் ஊதா, கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் இளம்பச்சை, தாமிரம் நீலம் கலந்த பச்சை. பேரியம் உப்பு விஷம், கவனம். மெத்தனாலை ஊற்றி வண்ணத் தீ காட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி குப்பென்று பற்றிப் பலர் தீக்காயம் பட்டிருக்கிறார்கள்.

ஏன் இத்தனை நிறம்? சூட்டில் அணுவின் வெளி எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது, அங்கே தங்க முடியாமல் உடனே இறங்குகிறது, வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிடுகிறது. படியின் உயரம் உலோகத்துக்கு உலோகம் வேறு. உயரம் குறைவென்றால் சிவப்புப் பக்கம், கூடினால் நீலப் பக்கம். ஒளியின் அலைநீளத்தில் சொன்னால் (எண் கூடினால் சிவப்புப் பக்கம்) லித்தியத்துக்கு 671 நானோமீட்டர், சோடியத்துக்கு 589. பொட்டாசியத்தின் முக்கிய ஒளி 766, 770 என்று கண்ணுக்கு எட்டுகிற எல்லையிலேயே விழுவதால்தான் அது அவ்வளவு மங்கல், அதைப் பார்க்க நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள், மஞ்சளை அது விழுங்கிவிடும். மக்னீசியம் உப்பு நிறமே காட்டாது, அதன் படி பெரிது, ஒளி புற ஊதாவில் போய்விடுகிறது. மக்னீசிய நாடா எரியும்போது வரும் வெள்ளை வேறு கதை, அது பழுக்கக் காய்ந்த ஆக்சைடு துகள்களின் ஒளிர்வு.

பாடப்புத்தகங்கள் இங்கே ஒரு விஷயத்தை மழுப்பிவிடுகின்றன: கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியத்தில் நாம் பார்க்கும் நிறம் பெரும்பாலும் தனி அணுவுடையது அல்ல, சுடரிலேயே உருவாகும் ஹைட்ராக்சைடு போன்ற சின்ன மூலக்கூறுகளுடையது. தாமிரம் குளோரினோடு சேர்ந்தால் நீலமாகவும், இல்லையென்றால் பச்சையாகவும் தெரிவதும் இதனால்தான்.

லித்தியமும் ஸ்ட்ரான்ஷியமும் இரண்டுமே சிவப்பாயிற்றே, எப்படிப் பிரிப்பது? வெறும் கண்ணை நம்பாதீர்கள். ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் சுடரொளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்துத்தான் 1860-ல் சீசியத்தை இரண்டு நீலக் கோடுகளால் கண்டுபிடித்தார்கள், மறு வருடமே ரூபிடியம். உங்களிடம் முப்பட்டகம் இல்லாவிட்டால், இருட்டறையில் மெல்லிய பிளவு வழியாக வரும் சுடரொளியைப் பழைய சிடியின் மேல் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள்: லித்தியத்துக்கு ஒற்றைச் சிவப்புக் கோடு எடுப்பாக நிற்கும், ஸ்ட்ரான்ஷியத்துக்குச் சிவப்பிலும் ஆரஞ்சிலும் பட்டை பட்டையாக விரியும்.