ஸ்வாவ் என்ற சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது

இந்த ஆங்கிலச் சொல்லை எஸ், யு, ஏ, வி, இ என்று எழுதினாலும் ‘சுவேவ்’ என்று படிக்காதீர்கள், ‘ஸ்வாவ்’ என்று ஒரே அசையில் சொல்லுங்கள். இனிமையான என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பதற்றமே இல்லாமல், நயமாகப் பேசி, எதிரில் இருப்பவரைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துவிடும் ஆளைத்தான் இப்படிச் சொல்வார்கள், பெரும்பாலும் ஆண்களை. வெறும் மரியாதையோ அழகோ இதற்குப் போதாது. விருந்தில் ஒருவர் கை பட்டு கிளாஸ் கவிழ்கிறது, அவர் துளியும் தடுமாறாமல் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, சிரித்தபடியே பேச்சைத் தொடர்கிறார் என்றால், அவர் ஸ்வாவ். கூச்சத்தோடு நூறு தடவை மன்னிப்புக் கேட்பவர் நல்லவர்தான், ஆனால் ஸ்வாவ் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இது எப்போதும் பாராட்டு ஆகாது. ‘ஸ்வாவ் சேல்ஸ்மேன்’ என்றால், ஆள் பேச்சில் தேன் ஒழுகும், உள்ளே என்ன இருக்கிறதோ என்ற சந்தேகமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அதனால் சிபாரிசுக் கடிதத்தில் இதை எழுதாமல் விடுவதே நல்லது. அப்புறம், செயலைச் சொல்லும்போது ‘ஸ்வாவ்லி’: ‘ஹி ஸ்மைல்ட் ஸ்வாவ்லி’.