கெந்திங் ஏறப் போறீங்களா? எந்த ரூம் எடுக்குறதுன்னு கொஞ்சம் பேசுவோம்

ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க யாராச்சும் கேஎல் (கோலாலம்பூர்) வந்துட்டா பத்துமலை, ட்வின் டவர், அப்புறம் கேசினோ, தீம் பார்க் எல்லாம் இருக்குற கெந்திங் மலை, இதான் வழக்கமான ரூட்டு. ஒடனே எனக்கு வாட்சப் வரும், "சிக்கனமா ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டல்ல போடவா, இல்ல காசு போனா போகுதுன்னு கெந்திங் கிராண்ட், கிராக்ஃபோர்ட்ஸ் மாதிரி எடத்துல தங்கவா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

மொதல்ல ரூம்ல எத்தன மணி நேரம் இருப்பீங்கன்னு எண்ணுங்க. மூணு மணிக்கு செக் இன், பைய போட்டுட்டு ஸ்கை அவென்யூ மால், கேசினோ, சாப்பாடுன்னு சுத்திட்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்து காலைல பசியாற எந்திரிச்சா மிஞ்சிப்போனா எட்டு மணி நேரம், அதுல ஏழு மணி நேரம் கண்ண மூடித்தான் இருப்பீங்க. மேல இருக்குற முக்கால்வாசி விஷயம் எல்லாருக்கும் பொது. மால் பொது, கேசினோ பொது, ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க்குக்கு (2022ல தொறந்தது) யாரா இருந்தாலும் தனி டிக்கெட். பெரிய ஹோட்டல்ல தங்குனா பனிமூட்டம் ஒண்ணும் ஒங்களுக்குன்னு ஸ்பெஷலா வராது.

சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸ் கத வேற. அங்க 57வது மாடி நீச்சல் குளத்துல எறங்கணும்னா அங்க தங்கியே ஆகணும், அதுக்காக காசு குடுத்தா ஒரு அர்த்தம் இருக்கு. கெந்திங்ல அப்படி ஒண்ண எனக்குக் காட்டுங்க பாப்போம்.

ஃபர்ஸ்ட் வேர்ல்டுல 7,351 ரூம். 2015ல கின்னஸ்ல உலகத்துலயே ரூம் எண்ணிக்கைல பெரிய ஹோட்டல்னு போட்டாங்க. அவ்ளோ ரூமுக்கும் ஆளுங்க ஒரே நேரத்துல பெட்டிய உருட்டிக்கிட்டு வந்தா லாபி எப்டி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க, மெஷின்ல நீங்களே செக் இன் பண்ணிக்கலாம்தான், ஆனா அந்த மெஷினுக்கும் வரிசைதான். ரூம் சின்னது, கட்டில், பாத்ரூம், டிவி அவ்ளோதான், சாதாரண ரூம்ல ஏர்கோன் (ஏசி) கெடையாது, 6,000 அடி உயரத்துல அது தேவையும் இல்ல. வயசுப் பசங்க நாலு பேர் போறீங்கன்னா கண்ண மூடிட்டு இத போடுங்க.

பெரிய ஹோட்டல் யாருக்குன்னா, முட்டி வலி இருக்குற அப்பா அம்மாவோட போறவங்களுக்கு, கைக்கொழந்த வச்சிருக்குறவங்களுக்கு, புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு. எங்கம்மாவ ஒரு தடவ சிக்கனமா ஒரு ரூம்ல போட்டேன், லிஃப்டுக்கு நடந்து, கூட்டத்துல நின்னு, காரிடார் முழுக்க நடந்து, மத்தியானமே "நான் இங்கயே உக்காந்துக்குறேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டாங்க. மீதி நாள் பூரா அந்தச் சின்ன ரூம்ல செவுத்தப் பாத்துக்கிட்டு. அவங்களுக்கு ரூம்தான் கெந்திங்கே, அங்க காச மிச்சம் புடிச்சது என் தப்பு.

அப்புறம் வெல. ஒரே ரூம் செவ்வாக்கெழம ஒரு ரேட்டு, சனிக்கெழம வேற ரேட்டு, ஸ்கூல் லீவு, சீனப் புத்தாண்டு வந்தா கேக்கவே வேணாம். சனிக்கெழம சிக்கன ரூமுக்கு கேக்குற காசுல வார நாள்ல ஒரு படி மேல உள்ள ரூமே சில சமயம் கெடச்சிடும், அதனால ஹோட்டல முடிவு பண்றதுக்கு முன்னாடி கெழமைய முடிவு பண்ணுங்க. மலேசியக்காரங்க இல்லாட்டி ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியா, அதையும் கணக்குல சேத்துக்கங்க.

இப்ப முக்கியமான விஷயம், "கேசினோ மெம்பர் கார்டு இருந்தா ரூம் ஃப்ரீயாம்லா". ஃப்ரீ இல்லங்க. எந்த ஊர் கேசினோவுலயும் நீங்க எவ்ளோ வெளாடுறீங்கன்னு பாத்துட்டு, அதுல அவங்களுக்கு சராசரியா எவ்ளோ நிக்கும்னு கணக்கு போட்டு அதுல ஒரு பங்கத்தான் திருப்பித் தர்றாங்க. பக்கராட்னு ஒரு சீட்டாட்டம், பிளேயர், பேங்கர்னு ரெண்டு பக்கம், அதுல பிளேயர் பக்கம் கை (ஆட்டம்) ஒண்ணுக்கு 50 வெள்ளி வச்சு, மணிக்கு 60 கைன்னு நாலு மணி நேரம் ஒக்காந்தா 12,000 வெள்ளி சுத்தி வருது, அதுல கேசினோவோட பங்கு சராசரியா 1.24 சதவீதம், ஆக சுமார் 150 வெள்ளி. இது சராசரிதான், அன்னிக்கு 2,000 போனாலும் போகும். டை (ரெண்டு பக்கமும் சமம்) மேல வச்சா கேசினோ பங்கு 14 சதவீதத்துக்கு மேல, அந்தப் பக்கமே போகாதீங்க. ரூம் வாடகைய வெளாடியே எடுத்துடலாம்னு எறங்குனவங்கள நான் பாத்திருக்கேன், வாடகைய கையில குடுக்குறதுதான் மலிவு. 21 வயசு ஆகாதவங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கேசினோ உள்ள அனுமதி இல்ல, அதனால பாஸ்போர்ட்ட ரூம்ல வச்சிட்டுப் போகாதீங்க.

மலை மேல தங்காம கீழ கோத்தோங் ஜெயாங்குற ஊர் பக்கம் தங்குறதும் ஒரு வழி, கார் இருந்தா நல்லாருக்கும், சாப்பாடும் மேல இருக்குறத விட மலிவு. கீழ இருக்குற அவானா ஸ்டேஷன்லேர்ந்து மேல போற கேபிள் கார் 2.8 கிலோமீட்டர், பத்து நிமிஷம், நடுவுல சின் சுவீங்குற சீனக் கோயில்ல எறங்கிப் பாத்துட்டு மறுபடி ஏறலாம். ராத்திரி நிறுத்திடுவாங்க, கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு ஏறும்போதே கேட்டு வச்சுக்கங்க.

சுவெட்டர் மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க. மதுரைலேர்ந்து வந்த எங்க மச்சான் "மலேசியாவுல என்னத்த குளிரு"ன்னு அரைக்கை சட்டையோட ஏறுனாரு, சாயங்காலம் பனி எறங்குனதும் ஓடிப்போயி மேல கடையில ஒரு ஜாக்கெட்டு வாங்குனாரு, அது அன்னிக்கு எங்க ரூம் வாடகைய விட பத்து வெள்ளி கூட.